பேட்டர்சீயில் ஒரு புலிகுத்திக் கல்

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடத்தும் ஆசிரியர்களுக்கும், தூக்கக் கலக்கத்தோடு வரும் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடும் பெற்றோருக்கும் வணக்கம்.

கோடை லீவுக்கு முன்னால் பிள்ளைகளை ஒருநாள் எங்காவது கூட்டிப்போவது பல பாடசாலைகளில் வழக்கம். பெரும்பாலும் பிரிட்டிஷ் மியூசியம், இல்லையென்றால் கடற்கரை, அதுவும் அமையாவிட்டால் ஏதாவது ஒரு பார்க்கில் புளியோதரையும் கிரிக்கெட்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வருஷம் இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தேம்ஸின் தென்கரையில், பேட்டர்சீ பாலத்துக்குச் சற்று மேற்கே, தண்ணீரை ஒட்டி நிற்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயம்தான் அந்த இடம். டூட்டிங்கில் இருப்பவர்களுக்கு அது வெளியூரே இல்லை. இரண்டும் ஒரே வாண்ட்ஸ்வொர்த் கவுன்சிலுக்குள் வருகிறவை.

நல்லூர் முருகனையும் மயிலாப்பூர் கபாலியையும் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளை ஆங்கிலிக்கன் சர்ச்சுக்கு ஏன் கூட்டிப்போக வேண்டும் என்று சில தாத்தா பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் போவது கும்பிட அல்ல. அங்கே சுவரில் ஒரு கல் இருக்கிறது, அதைப் படிக்க. மெட்ராஸை ஆண்ட ஒருவரின் கதை அந்தக் கல்லில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்ல நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

கல்லுக்கு வருமுன் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளியே நின்று பார்த்தால் ரொம்பப் பழசு என்று தோன்றாது. செங்கல் சுவர், முகப்பில் கல் தூண்கள், மேலே கடிகாரம், அதற்கும் மேலே கூரான ஒரு சின்னக் கோபுரம். 1775இல் பழைய கோயிலை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஜோசப் டிக்சன் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் கட்டியது. 1777 நவம்பரில் திறந்தார்கள். கட்டபொம்மனுக்கு அப்போது 17 வயது என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் காலம் பிடிபடும்.

கட்டடத்துக்குத்தான் இந்த வயது; இடம் அதைவிடப் பல நூறு வருஷம் மூத்தது. கி.பி. 800 வாக்கிலேயே இங்கே வழிபாடு இருந்ததாகச் சொல்வார்கள். வில்லியம் மன்னர் நாட்டு நிலத்தையெல்லாம் கணக்கெடுக்கச் சொல்லி 1086இல் எழுதிய டூம்ஸ்டே ஏட்டில், பேட்டர்சீ வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் நிலமாகப் பதிவாகியிருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் சோழ நாட்டில் நிலத்தை அளக்கச் சொன்னதும் இதே 1086இல்தான் என்று நம் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இருக்காத இரண்டு அரசர்கள் ஒரே நேரத்தில் நிலவரியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், மூலையில் உட்கார்ந்திருக்கிறவனும் நிமிர்வான்.

அந்தக் காலத்தில் இது சதுப்புக்கு நடுவே தீவு மாதிரி ஒரு மேட்டுநிலம். எதிர்க்கரை செல்சீ. 1770களின் தொடக்கத்தில் மரப்பாலம் வரும்வரை அக்கரைக்குப் போகப் படகுதான். இன்றைய இரும்புப் பாலம் 1890இல் திறந்தது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே வந்தும் தேம்ஸுக்கு இங்கே ஏற்ற இறக்கம் உண்டு. ஏற்றத்தில் தண்ணீர் கரைச் சுவரில் வந்து அடிக்கும். வற்றத்தில் சேறும் கூழாங்கல்லும் வெளியே தெரிய, பக்கத்தில் கட்டியிருக்கும் படகுவீடுகள் தரைதட்டி நிற்கும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். நேரம் பார்த்துப் போனால் நல்லது.

உள்ளே போனதும் மூன்று பக்கமும் மரத்தில் மேல்மாடம். நேரெதிரே கிழக்குச் சன்னல். அதன் வண்ணக் கண்ணாடி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய கோயிலை இடித்தபோது பத்திரமாகக் கழற்றிப் புதியதில் பொருத்தினார்கள். யேசுவின் வாழ்க்கைக் காட்சி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் ஏழாம் ஹென்றி இருப்பார், முதலாம் எலிசபெத் இருப்பார், ஹென்றியின் பாட்டி மார்கரெட் பியூசாம்ப் இருப்பார். ஊரின் ஜமீனாக இருந்த செயின்ட் ஜான் குடும்பத்தார், தங்களுக்கு ராஜகுடும்பத்தோடு உறவு என்று காட்டப் போட்டுக்கொண்ட சன்னல் அது. நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டின் பாதி வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ என்று பெயர் எழுதுவார்களே, அந்தச் சங்கதிதான்.

அந்தக் குடும்பத்தில் பெயர்பெற்றவர் ஹென்றி செயின்ட் ஜான், போலிங்புரோக் பிரபு. ஆன் அரசியின் அமைச்சர். 1713இல் பிரான்சோடு சண்டையை முடித்த யூட்ரெக்ட் உடன்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர். அரசி இறந்து ஆட்சி மாறியதும் பிரான்சுக்கு ஓடி, அரியணைக்கு உரிமை கொண்டாடிய எதிர்க்கட்சி இளவரசரோடு சேர்ந்துகொண்டார்; துரோகி என்று பட்டம் கட்டினார்கள். பிறகு மன்னிப்புக் கிடைத்துத் திரும்பி வந்தார். 1751இல் இறந்த அவருக்கும் மனைவிக்கும் அந்தக் காலத்தின் முதல்வரிசைச் சிற்பி ரூபிலியாக் செய்த பளிங்கு நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது. துரோகி என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோயிலில் அது இன்னும் இரண்டு தடவை வரும்.

கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான், 1782 ஆகஸ்ட் 18. பெண் கேத்தரின் பவுச்சர், இந்த ஊரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவரின் மகள். லண்டன் சந்தைக்குப் போகும் காய்கறி அன்றைக்கு பேட்டர்சீ வயல்களில் விளைந்தது. கேத்தரினுக்கு எழுதத் தெரியாது. கோயில் பதிவேட்டில் பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அப்புறம் பிளேக் சொல்லிக்கொடுத்துப் படிக்க எழுதப் பழகி, கணவரின் அச்சு வேலைக்கும் வண்ணம் தீட்டும் வேலைக்கும் வலதுகையாக இருந்தார். தமிழ் எழுத்து வளைய மாட்டேன் என்கிறது என்று அழுகிற உங்கள் ஆறு வயதுக்காரியிடம் அந்தப் பெருக்கல் குறியைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஓவியர் டர்னர் இங்கே ஒரு சன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்து வரைவாராம். அவர் உட்கார்ந்த நாற்காலி என்று ஒன்றைக் காட்டுவார்கள். செடிகொடிகளைப் பற்றி எழுதிய வில்லியம் கர்டிஸும் இங்கே அடக்கமானவர். 1787இல் அவர் தொடங்கிய தாவரவியல் இதழ் இன்றும் வருகிறது.

19ஆம் நூற்றாண்டில் வயல் போய் ரயிலும் ஆலையும் வந்தன. ஒரு பக்கம் மாவு மில், இன்னொரு பக்கம் உலோகம் உருக்கும் மூசை செய்யும் தொழிற்சாலை, நடுவே கோயில். 1801இல் சில ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1901இல் 1,68,000க்கும் மேல். அந்தப் பாட்டாளிகளின் ஊர்தான் பம்பாயில் பிறந்த ஷாபுர்ஜி சக்லத்வாலாவை 1922இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. இன்றைக்கு மாவு மில் இருந்த இடத்தில் கண்ணாடி அடுக்குமாடி, விலை கேட்டால் மயக்கம் வரும். ஊர் அடையாளம் தெரியாமல் மாறியும் கோயில் மட்டும் அசையவில்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன். பழைய கோயிலிலிருந்து புதியதற்குக் கொண்டுவந்த நினைவுச் சின்னங்களில் ஒன்று சர் எட்வர்ட் விண்டருடையது. இறந்தது 1686 மார்ச்சில், 64 வயதில். மேலே அவருடைய மார்பளவுச் சிலை. அதோடு ஒரு புடைப்புச் சிற்பமும் உண்டு: அதில் அவர் ஆயுதம் எதுவும் இல்லாமல் ஒரு புலியை நெரித்துக் கொல்கிறார், தன்னந்தனியாகக் குதிரைப்படை ஒன்றோடு மோதுகிறார்.

ஆமாம், புலி. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். புலிகுத்திப்பட்டான் கல் என்று நம்மிடம் எத்தனை இருக்கின்றன! ஒரு வித்தியாசம்: நம் நடுகல்லில் இருக்கிறவன் ஊர் மாட்டைக் காக்கப் போய்ப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், செத்ததற்குத்தான் கல். விண்டர் புலியைக் கொன்றுவிட்டு, பணத்தோடு ஊர் திரும்பி, படுக்கையில் இறந்தவர்.

புலியை அவர் எப்படிக் கொன்றார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. லண்டனைச் சுற்றியுள்ள ஊர்களின் வரலாற்றை 1790களில் எழுதிய பாதிரியார் ஒருவர் பதிந்து வைத்திருக்கிறார். காட்டில் புலி எதிர்ப்பட்டதாம். விண்டர் ஒரு குளக்கரையில் போய் நின்றுகொண்டாராம். புலி பாய்ந்ததும் அதை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, மூச்சு நிற்கும்வரை அமுக்கிப் பிடித்தாராம். புலிக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்பதைப் பிள்ளைகளில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். முறத்தால் புலியை விரட்டிய நம் பாட்டியின் கதையையும் பக்கத்தில் வைத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களையே பேசவிடுங்கள்.

சிற்பத்தோடு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பாட்டு. ஒரு தீவுக்குள் அடங்காத பெரியவர். ஆதரவற்ற சிறுவனாகக் கடல் கடந்தவர். புலியைக் கொன்றார், குதிரையேறி வந்த முஸ்லிம் வீரர்கள் கூட்டத்தைக் கால்நடையாக நின்றே சிதறடித்தார், பைபிளில் வரும் மாவீரன் சிம்சோன்கூட இதற்கு மேல் என்ன செய்திருப்பான் என்று போகிறது. நடுவில் ஓர் இடம்: செல்வமும் சேர்ந்து, மனசாட்சியையும் தொலைக்காமல் இருந்தார், இது அபூர்வம், பலர் அறியாத உதாரணம் என்கிறது. பிள்ளைகள் நிற்க வேண்டிய இடம் இது. ஏனென்றால் அந்தப் பாட்டில் மெட்ராஸ் என்ற பெயரே கிடையாது. அங்கே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும்.

1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கியது. கோட்டை கட்டியது. எதற்கு? துணிக்காக. சோழமண்டலக் கரையின் நெசவாளர்களும் சாயக்காரர்களும் செய்த துணி லண்டனுக்கும், கிழக்கே வாசனைப்பொருள் விளைகிற தீவுகளுக்கும் போனது. கோட்டைக்கு வெளியே சென்னப்பட்டினம் வளர்ந்தது. கம்பெனிக்கு உள்ளூரில் சரக்குப் பிடித்துக் கொடுத்தவர்கள் பேரி திம்மண்ணா, காசி வீரண்ணா மாதிரியான பெரிய வணிகர்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கு மானியம் விட்டவர் அந்தத் திம்மண்ணாதான்.

1660களின் தொடக்கத்தில் இந்தக் கோட்டைக்கு ஏஜென்ட், அதாவது தலைவர், எட்வர்ட் விண்டர். சிறு வயதிலேயே கப்பலேறிக் கிழக்கே வந்து, மசூலிப்பட்டினம் கரையில் தொழில் கற்றவர். இரண்டாம் சார்லஸ் மன்னர் சர் பட்டம் கொடுத்திருந்தார். அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிடுவது நியாயம். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து இறங்கும் சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்து சாவதைப் பார்த்து, 1664 நவம்பரில் கோட்டைக்குள் மாதம் 2 பகோடா (அந்தக் காலப் பொன் நாணயம்) வாடகைக்கு ஒரு வீட்டைப் பிடித்து ஆஸ்பத்திரி வைத்தார். அந்த ஆஸ்பத்திரிதான் இடம் மாறி, 1772இல் கோட்டைக்கு வெளியே வந்து, இன்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ஜி.எச். என்று நாம் சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அதன் கதவு இந்தியர்களுக்குத் திறக்க 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். தமிழ்நாட்டின் ஏழைபாழைகள் எத்தனை பேர் உயிர் பிழைத்த இடம் அது! பேட்டர்சீக் கல்லில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. புலிக்கு இடம் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு இல்லை.

அடுத்தது கெட்ட கதை. கம்பெனி ஊழியர்கள் எல்லாருமே சம்பளத்துக்கு வெளியே சொந்த வியாபாரம் செய்தவர்கள்தான். அளவு மிஞ்சினால்தான் கேள்வி வரும். விண்டர் விஷயத்தில் மிஞ்சியது. திம்மண்ணாவோடு சேர்ந்துகொண்டு கம்பெனித் தலையில் விலையை ஏற்றிக் கட்டுகிறார் என்று லண்டனுக்குப் புகார் போனது. கணக்கைப் பார்க்கவும் பொறுப்பை ஏற்கவும் ஜார்ஜ் பாக்ஸ்கிராஃப்ட் என்ற லண்டன் வணிகரை 1665இல் அனுப்பினார்கள். அடுத்த கப்பல் வரும்வரை விண்டர் அவருக்குக் கீழே இரண்டாமவராக இருக்க வேண்டும். நேற்றுவரை தலைவராக இருந்தவர் இன்றைக்கு அதே மேசையில் ஒரு நாற்காலி தள்ளி உட்கார வேண்டும். எப்படி ஒத்துவரும்?

விண்டர் கையிலெடுத்த ஆயுதம் தேசபக்தி. இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பிவந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பாக்ஸ்கிராஃப்டும் அவர் மகனும் மன்னரை அவமதித்துப் பேசினார்கள், ராஜத்துரோகிகள் என்று குற்றம் சாட்டினார். 1665 செப்டம்பர் 16 அன்று கோட்டைப் படையின் அதிகாரி சிப்பாய்களோடு புகுந்தார். கைகலப்பில் வில்லியம் டாஸ் என்ற கவுன்சில் உறுப்பினர் உயிரிழந்தார். பாக்ஸ்கிராஃப்ட் காயம்பட்டார், அவரைச் சிறையில் போட்டார்கள். விண்டர் மறுபடி நாற்காலியில். கோட்டையின் பாதிரியாரும் விண்டர் பக்கம்தான் நின்றார்.

லண்டனிலிருந்து கேட்க ஆள் இல்லை. அந்த வருஷம் அங்கே கொள்ளைநோய், அடுத்த வருஷம் நகரமே எரிந்தது, நடுவில் டச்சுக்காரர்களோடு போர் வேறு. கோட்டையை விண்டர் டச்சுக்காரர்களிடம் கொடுத்துவிடுவாரோ என்று கம்பெனிக்குப் பயம். கடைசியில் 1668இல் மன்னரின் ஆணையோடு கப்பல்கள் வந்தன. உயிருக்கும் உடைமைக்கும் பங்கம் வராது என்று வாக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு விண்டர் கோட்டையை ஒப்படைத்தார். ஏறத்தாழ மூன்று வருஷச் சிறைக்குப் பின் பாக்ஸ்கிராஃப்ட் பதவியில் உட்கார்ந்த நாள் ஆகஸ்ட் 22. வருஷா வருஷம் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறோமே, அதே தேதி. 1639ஐ நினைத்துக் கேக் வெட்டுகிறவர்களில் 1668ஐ யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

விண்டருக்குத் தண்டனை எதுவும் இல்லை. சில வருஷம் இந்தியாவிலேயே இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பி, பேட்டர்சீயில் ஆற்றங்கரையில் யார்க் ஹவுஸ் என்ற பெரிய வீட்டில் வாழ்ந்தார். அந்த வீடு இருந்த இடத்தில்தான் பின்னாளில் பிரைஸ் மெழுகுவர்த்தித் தொழிற்சாலை வந்தது. அந்தக் கம்பெனி இலங்கைத் தேங்காய் எண்ணெயை வைத்துத் தொழில் தொடங்கியது. யாழ்ப்பாணத்து அப்பாக்களுக்கு இதைச் சொல்ல மறக்காதீர்கள், மெட்ராஸ்காரன் தன் ஊர்க் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனான் என்ற பேச்சு வேண்டாம்.

மனசாட்சி தொலையாத மனிதர் என்ற வரியை இப்போது படித்தால் எப்படி இருக்கிறது? விண்டர் அரக்கர் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வைத்தவரும் அவர்தான், கோட்டையைப் பிடித்தவரும் அவர்தான். செத்தவரைப் பற்றிக் குடும்பத்தார் நல்லதாக எழுதுவது உலக வழக்கம். அதற்காக அந்தக் கோயிலைக் குறை சொல்லவும் முடியாது. டாஸ் செத்த கதை அந்தக் கல்லில் இல்லை, திம்மண்ணா இல்லை, துணி நெய்தவர்கள் இல்லை. அவ்வளவுதான். 340 வருஷத்துப் பளிங்கை உரசித் திருத்த வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு குரல் இருந்தால் போதும்.

அதற்கு அந்தக் கோயிலிலேயே முன்மாதிரி உண்டு. மூன்றாவது துரோகி பெனடிக்ட் ஆர்னால்ட். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் தளபதியாக இருந்து, 1780இல் வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பிரிட்டிஷாருக்குக் காட்டிக்கொடுக்கப் பார்த்தவர். அமெரிக்காவில் இன்றும் துரோகிக்கு மறுபெயர் அவர் பெயர். 1801இல் லண்டனில் இறந்து இந்தக் கோயிலின் நிலவறையில் அடக்கமானார். நிலவறையில் பின்னாளில் மழலையர் பள்ளி நடந்தது. பொம்மைகளுக்கும் குட்டி நாற்காலிகளுக்கும் நடுவே ஆர்னால்டின் கல். அந்தக் கல்லை 2004இல் வைத்தவர் ஆர்னால்ட் பிறந்த கனெக்டிகட் ஊரிலிருந்தே வந்த ஓர் அமெரிக்கர், தன் கைக்காசைப் போட்டு. ஆர்னால்ட் மாறிமாறிச் சேவை செய்த இரு நாடுகளும் பகை தீர்ந்து நட்பாகிவிட்டன என்பது அதில் உள்ள செய்தி. மேலே, 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் ஜான் ஹேவர்ட் செய்த வண்ணச் சன்னல்களில் பிளேக், டர்னர், கர்டிஸ் ஆகியோரோடு ஆர்னால்டுக்கும் ஒன்று உண்டு. ஆக, கடல் தாண்டி வந்த ஓர் ஊர்க்காரர் தன் பக்கத்துக் கதையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், கோயிலும் இடம் கொடுத்திருக்கிறது. நாம் ஒருபோதும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். அது இன்றும் வழிபாடு நடக்கும் பங்குக் கோயில், மியூசியம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, இடையிடையே கல்யாணம், கச்சேரி எல்லாம் உண்டு. ஆகையால் முன்கூட்டியே எழுதி, எத்தனை பிள்ளைகள், என்ன பார்க்க வருகிறோம் என்று சொல்லி நாள் கேளுங்கள். முந்தின சனிக்கிழமை வகுப்பில் 1639, 1664, 1665, 1668 என்ற நான்கு வருஷத்தைப் பலகையில் எழுதிக் கதையைச் சொல்லிவிடுங்கள். மெட்ராஸ் கோட்டைக்குள் இருக்கும் மேரி கோயிலின் படத்தையும் காட்டுங்கள். அதற்கும் பெயர் செயின்ட் மேரீஸ்தான். 1680இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது இன்றைய பேட்டர்சீக் கட்டடத்தைவிட 97 வருஷம் மூத்தது. ஆங்கிலேயரின் சர்ச் என்றால் எல்லாமே இங்கிலாந்தில்தான் பழசு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது நல்ல அதிர்ச்சி.

கல்லின் முன்னால் பெரிய பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டை உரக்கப் படிக்கட்டும். அதன் தாளம் வாயில் நன்றாகவே உட்காரும். சின்னவர்களுக்கு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தால் புலியை வரைந்துகொண்டிருப்பார்கள். சாப்பாட்டை அங்கே பிரிக்க வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் புளியோதரை வாசம் யாருக்கும் நல்லதல்ல. ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் பேட்டர்சீ பார்க் வந்துவிடும், அங்கே பிரியுங்கள்.

திரும்பி வந்த பிறகுதான் முக்கியமான வேலை. கல்லில் இல்லாத பாதியைப் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதட்டும். புலியைப் பற்றி ஒரு வரி, ஆஸ்பத்திரியைப் பற்றி, டாஸைப் பற்றி, திம்மண்ணாவையும் நெசவாளரையும் பற்றி. வசனமாகவும் இருக்கலாம், நடுகல் வாசகம் மாதிரி நாலே வரியாகவும் இருக்கலாம். தேறியதை எடுத்து, கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பையும் பிள்ளைகளையே செய்யச் சொல்லி, பார்க்க அனுமதித்ததற்கு நன்றி என்று ஒரு கடிதம் வைத்துக் கோயிலுக்கு அனுப்புங்கள். வருகிறவர்கள் எடுத்துப் படிக்கிற இடத்தில் அந்தத் தாளை வைக்க முடியுமா என்று கேளுங்கள். புகார் தொனி வேண்டாம். பெரியவர்கள் உட்புகுந்து ஆவேச வசனம் எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரருக்கு ஒரு நிமிஷம் போதும். அவர்கள் ஒத்துக்கொண்டால் சந்தோஷம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தத் தாள்களை உங்கள் ஆண்டு மலரில் போடுங்கள், தலைவரின் வாழ்த்துரையில் ஒரு பக்கத்தைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தேதிகளும் ஒரு சின்ன வரைபடமும் சேர்த்து ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்தப் பாடசாலை கேட்டாலும் தருகிறேன். ஜூலையில் போவதென்றால் கோயிலுக்கு ஈஸ்டர் லீவு முடிவதற்குள் எழுதிவிடுவது நல்லது. கல்யாண சீசனில் சனிக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அன்புடன்,
தென் லண்டனில் குடியிருக்கும் ஒரு மெட்ராஸ்காரன்